முப்பத்தாறு சிட்டிகை

மார்ச் 3, செவ்வாய்

152 / 94.

இந்த எண்ணை எழுதத்தான் இந்த டைரி. தை மாதம் முதலாளி கொடுத்தது, உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. தினமும் காலையில் இரத்த அழுத்தம் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண் மட்டும் போதுமாம். பேனாவைத் திறந்துவிட்டு இரண்டு எண்ணோடு மூடி வைக்கிற ஆள் நானில்லை.

பல் வலிக்கிறது என்று போனவன் நான். பல் டாக்டர் கையில் பட்டையைக் கட்டி அளந்தார், முகம் மாறியது, முதலில் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அழுத்தம் பார்க்கிற இந்த டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். மூன்று நாள் வரவழைத்து மூன்று முறை அளந்தார். ரத்தம், சிறுநீர், நெஞ்சு எல்லாம் சோதித்தார். வேறு கோளாறு இல்லை, எட்டு வாரம் தருகிறேன் என்றார். ஒரு நாளைக்கு எல்லாமாகச் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு, அதற்கு மேல் கூடாது. அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். இடுப்பில் நாலு கிலோ குறைய வேண்டும். காய், கீரை, பழம், ஏழு மணி நேரத் தூக்கம். அப்படியும் இறங்கவில்லை என்றால் மாத்திரை. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டார்.

"மாத்திரை ஒண்ணும் எதிரி இல்லங்கய்யா. தேவைப்பட்டா அதுவும் நம்ம பக்கத்து ஆளுதான்."

அது சரி. ஆனால் உப்பைக் குறை என்று யாரிடம் சொல்கிறார்? வெயிலுமுத்து என்றால் தூத்துக்குடி உப்பளங்களில் தெரியாத ஆள் கிடையாது. முப்பத்து மூன்று வருடமாக உப்புப் பார்க்கிறவன். லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் குவியலைப் பார்த்து, இது சமையலுக்கு, இது மீனுக்கு, இது தோல் பதனிட என்று சொல்வதுதான் என் வேலை. மருத்துவமனைப் படியில் இறங்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 4, புதன்

150 / 94.

மதுரையிலிருந்து செல்வக்கனி காலை ஏழு மணிக்குப் போன் செய்து எண் கேட்டாள். இனி தினமும் கேட்பாளாம். அளக்கும் மிஷினை வாங்கி அனுப்பியவள் அவள்தான், அதனால் மகள் என்ற உரிமையோடு முதலாளி என்ற உரிமையும் சேர்ந்துவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுக்களையைக் காலி செய்ய வைத்தாள். அப்பளம், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு எல்லாம் போயிற்று. கருவாட்டுப் பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். மதியமே பொரித்துவிட்டார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிட்டேன். அவள் அம்மா போய்ப் பன்னிரண்டு வருடமாக நானேதான் சமைக்கிறேன், இவ்வளவு மோசமாக ஒரு நாளும் சமைத்ததில்லை.

மார்ச் 6, வெள்ளி

151 / 93.

முதல் நடை. கடற்கரைப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, போதும் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கிருந்தோ விசில் சத்தம். உட்கார்ந்தவன் எழுந்தே விட்டேன்.

ஞானப்பூ டீச்சர். செல்வக்கனிக்குப் பள்ளிக்கூடத்தில் கோ-கோ சொல்லிக் கொடுத்த பி.டி. டீச்சர். ஓய்வு பெற்று ஒரு வருடம்தான் ஆகிறது, விசிலுக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. பூங்காவில் பதினொரு பேரைச் சேர்த்து ஒரு நடைக் குழு வைத்திருக்கிறார். நான் பன்னிரண்டாவது ஆள் ஆனேன். என்னை யாரும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, செருப்பைப் போட்டு இப்படி நடந்தா முட்டி போயிரும். நாளைக்கு ஷூ மாட்டிட்டு வாங்க."

மார்ச் 7, சனி

ஷூ வாங்கினேன். முட்டிக்காக.

மார்ச் 8, ஞாயிறு

150 / 92.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நடை முடிந்ததும் சிமெண்டு பெஞ்சில் டீச்சர் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நீள நோட்டு. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், அரை மணி நேரத்துக்குள் டீ குடித்திருக்கக் கூடாது. துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்தார் என்று மறுபடி முதலிலிருந்து உட்கார வைத்தார்.

என் முறை வந்தது. பட்டையை மட்டமாகக் கட்டி, கையை மெதுவாக நெஞ்சு மட்டத்துக்கு ஏற்றி வைத்து, மிஷினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் 150 காட்டியது பெஞ்சில் 157 காட்டியது. கடற்காற்று ஈரமாக இருப்பதால் மிஷினுக்கு ஏதாவது ஆகியிருக்கும்.

அண்ணாச்சி என்று இந்த ஊரில் எல்லோரும்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். காய்கறிக்காரம்மாள் கூப்பிடுகிறாள், லாரி டிரைவர் கூப்பிடுகிறான். டீச்சர் கூப்பிட்டது மட்டும் இன்று ஏனோ காதில் இடறியது.

மார்ச் 11, புதன்

பல்லைப் பிடுங்கியாயிற்று. நிம்மதி.

மார்ச் 14, சனி

150 / 92.

எனக்கு அழுத்தம் என்ற செய்தி ஊருக்குள் போய்விட்டது, இனி ஊரே டாக்டர்தான். ஒருவர் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு என்றார். ஆறு பல் மென்று தின்றுவிட்டு அலுவலகம் போனேன், முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். ஒருவர் செம்பருத்தி டீ என்றார். அது நிறமாக இருந்தது, அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பீட்ரூட் சாறு குடித்த மறுநாள் காலை கழிப்பறையில் சிவப்பைப் பார்த்துவிட்டு, கடைசி நாள் வந்துவிட்டது என்று மகளுக்கே போன் போட்டேன். அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

முருங்கைக் கீரையை மட்டும் விடவில்லை. வாரத்துக்கு நாலு நாள் அதுதான். தேங்காய்த் துருவலும் மிளகும் போட்டால் உப்பை நாக்கு அவ்வளவாகத் தேடவில்லை. புளிக் குழம்பில் உப்பு குறைந்ததே தெரியாது என்பதையும் கண்டுபிடித்தேன். டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"எல்லாம் சாப்பிடுங்க, தப்பில்ல. ஆனா பூண்டு தின்னாச்சேன்னு நடையை விட்டுராதீய."

மார்ச் 17, செவ்வாய்

149 / 92.

டீச்சர் மூச்சு விடக் கற்றுக் கொடுத்தார். ஐம்பத்தொன்பது வருடமாக விட்டுக்கொண்டிருப்பது தப்பாம். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். இன்று ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படி மூச்சு விட்டுப் பார்த்தேன். பின்னால் நின்றவன் ஹாரனை அடித்து ஓய்ந்துபோய், அண்ணாச்சிக்கு மயக்கமா என்று இறங்கி வந்து கேட்டான். ரயில் போய், கேட்டும் திறந்துவிட்டிருந்தது. இவ்வளவு அமைதியாக இருந்து நாளாயிற்று.

மீசைக்குச் சாயம் போட்டேன். முடி வெட்டுகிறவர் வற்புறுத்தினார்.

மார்ச் 22, ஞாயிறு

149 / 91. இடுப்பில் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது.

இன்று டீச்சரும் நானும் மற்றவர்களைவிட ஒரு சுற்று அதிகமாக நடந்தோம். கடைசிச் சுற்றில் அவராகவே வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் இதே அழுத்தம்தான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர் எதிரிலேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார், கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிடுவார். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார். இரண்டு வருடம் அப்படி ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் குளிக்கப் போனவர் ஒரு பக்கமாக விழுந்தார். மூன்று வருடம் படுக்கை. பிறகு போய்விட்டார்.

"படுக்கைல பாத்தது எனக்குப் பாரமே இல்ல அண்ணாச்சி. ரெண்டு வருசம் என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னாரு பாருங்க, அதத்தான் இன்னும் மறக்க முடியல. அதுக்கப்புறம் பொய் சொல்லுத ஆளை நான் கிட்ட சேக்கதில்ல."

 என் எண்ணை ஒரு நாளும் மாற்றி எழுத மாட்டேன் என்று சொன்னேன். கொஞ்சம் அதிகப்படியான சத்தத்தில் சொல்லிவிட்டேன், இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் சிரித்தார். இன்று பூராவும் கால் தரையில் படவில்லை. நடைப் பயிற்சியின் பலன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 25, புதன்

150 / 92. வெள்ளைச் சட்டைகள் ஆறையும் இஸ்திரிக்குப் போட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

151 / 93. பெஞ்சில் 155.

நாலு வாரம் முடியப் போகிறது. எங்கள் பன்னிரண்டு பேரில் எல்லோருக்கும் கொஞ்சமாவது இறங்கியிருக்கிறது. துறைமுகத்துக்காரர், சாயங்காலம் பஜ்ஜி தின்கிறவர், அவருக்கே ஏழு இறங்கியிருக்கிறது. எனக்கு மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. டீச்சர் நோட்டின் பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒளிச்சு வச்சு ஏதும் திங்கீயளா அண்ணாச்சி?"

இல்லை என்றேன். ஊறுகாய்? இல்லை. கருவாடு? இல்லவே இல்லை. சாப்பாட்டில் எவ்வளவு உப்பு? அரைத் தேக்கரண்டிகூட ஆகாது. சத்தியமாக. அவர் நம்பாதது முகத்தில் தெரிந்தது. என் சத்தியத்தைக் கேட்டதும் அந்த முகம் இன்னும் மூடிக்கொண்டது. அவருடைய வீட்டுக்காரரும் சத்தியம் செய்திருப்பார் போலிருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

150 / 92.

ஒரு சின்ன டப்பாவில் காலையிலேயே ஒரு தேக்கரண்டி உப்பை அளந்து வைத்துவிடுகிறேன். அன்றைய சமையலுக்கு அதிலிருந்து மட்டும்தான். ராத்திரி பார்த்தால் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. நடை ஒரு நாள் தவறவில்லை, இரண்டே கால் கிலோ குறைந்துவிட்டது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக் கட்டுகிறேன். மிஷின் பழுதோ என்று மருந்துக் கடையில் போய் அளந்தேன். அங்கேயும் அதேதான். எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

150 / 91.

டீச்சர் என் கையில் பட்டையைக் கட்டினார், எண்ணைக் குறித்துக்கொண்டார், "சரிங்க சார்" என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சார். அண்ணாச்சி என்று கூப்பிட்டால் காதில் இடறுகிறது என்று எழுதினேனே, எனக்கு இது நன்றாக வேண்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

அளக்கவில்லை. அளந்து என்ன ஆகப் போகிறது.

இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். எனக்கு ஞானப்பூ டீச்சரைப் பிடித்திருக்கிறது. ஷூ முட்டிக்காக இல்லை. மீசை, முடி வெட்டுகிறவர் சொல்லி இல்லை. எட்டு வாரம் முடிந்ததும் அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன், என்ன கேட்பது என்று வார்த்தைகூடச் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது அவர் கண்ணில் நான் பொய்யன். வேறு எந்தக் குறை சொல்லியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பேன். பொய் சொல்கிற ஆளை அவர் கிட்டே சேர்ப்பதில்லை.

செல்வக்கனி ஏழு மணிக்கு எண் கேட்டாள். இல்லை என்றேன். டீச்சர் நல்லா இருக்காங்களாப்பா என்று கேட்டாள். நான் டீச்சரைப் பற்றி அவளிடம் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. சாம்பாரில் பருப்பு வெந்த கதை, நடந்த கதை, மூச்சு விட்ட கதை இவைதான் சொல்லியிருக்கிறேன். அதில் எப்படி டீச்சர் வந்தார் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8, புதன்

151 / 92.

நடையில் வேகத்தைக் கூட்டி டீச்சரைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது, நாலுக்கு இழுத்து ஆறுக்கு விட நேரமில்லை. ஒரு நாள் முழுக்க என் கூட இருந்து பாருங்கள், காலையில் அடுக்களையிலிருந்து சாயங்காலம் வரை, நான் வாயில் போடுகிற ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"சனிக்கெழம வாரேன். நீங்க சொல்லித்தான் வாரேன், அத ஞாபகம் வச்சுக்கோங்க சார்."

ஏப்ரல் 11, சனி

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன். கை நிற்காது.

டீச்சர் ஏழு மணிக்கே தொப்பி, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, நோட்டு சகிதம் வந்துவிட்டார். விசிலும் கழுத்தில் இருந்தது, எதற்கு என்று கேட்கவில்லை. நான் இட்லி அவித்தேன். மாவில் உப்பில்லை என்பதை அவரே தின்று பார்த்து, முகம் கோணி, நோட்டில் எழுதிக்கொண்டார். கத்தரிக்காய்க் கொத்சு, மிளகும் புளியும் மட்டும். அதையும் எழுதினார். அடுக்களை அலமாரியைத் திறந்து பார்க்கட்டுமா என்றார். பாருங்கள் என்றேன். பார்த்தார். பரணையும் பார்த்தார்.

எட்டரைக்கு உப்பளம் போய்ச் சேர்ந்தோம். ஏப்ரல் வெயிலில் உப்புக் குவியல்களைக் கண் கொண்டு பார்க்க முடியாது. அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் உள்ளே வருவது இதுதான் முதல் தடவையாம். பாத்தி, வரப்பு, உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகை என்று நான் காட்டிக்கொண்டே போனேன். கோபத்தில் இருக்கிற ஆளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறோமே என்ற நினைப்பே இல்லாமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டு போனேன். அவரும் இரண்டு இடத்தில் தன்னை மறந்து கேள்வி கேட்டார்.

பிறகு என் வேலை. இன்று பன்னிரண்டு குவியல். ஒரு குவியலுக்கு மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று இடத்தில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பேன். கசப்பு ஓடுகிறதா, எங்கே ஓடுகிறது, நுனியிலா அடியிலா என்று ஒரு நொடி நிற்பேன். அவ்வளவுதான். கசப்பு இருந்தால் பாத்தியில் கசப்புத் தண்ணீரைச் சரியாக வடிக்கவில்லை என்று அர்த்தம், அந்தக் குவியல் சமையலுக்கு ஆகாது. சோதனைக்கூடத்து ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகும். என் நாக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடும். கேரளத்து வியாபாரிகள் ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், வெயிலுமுத்து என்ன சொன்னார் என்றுதான் கேட்பார்கள். இதையெல்லாம் டீச்சரிடம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். மூன்றாவது குவியலுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். கையில் ஒரு கைக்குட்டையை விரித்து வைத்துக்கொண்டு அதில் எதையோ போட்டுக்கொண்டே வந்தார். நினைவுக்கு உப்பு எடுத்துப் போகிறார் போலிருக்கிறது, பாவம், சின்னப் பிள்ளை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தோம். என் டப்பாவைத் திறப்பதற்கு முன் அவர் கைக்குட்டையை என் முன்னால் விரித்தார். தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த தேக்கரண்டியை எடுத்து அந்த உப்பை அளந்தார். ஒன்று. பிறகு இன்னொரு பாதி.

"இது என்ன?"

உப்பு என்றேன்.

"நீங்க ஒரு சிட்டிகை வாயில வைக்கும்போது நானும் ஒரு சிட்டிகை இதுல போட்டேன். முப்பத்தாறு. எல்லாத்தயும் முழுங்கிருக்கீய. ஒண்ணக்கூடத் துப்பல."

நான் அதைத் தின்னவில்லை, பார்த்தேன் என்றேன். சொல்லி முடித்ததும் அந்த வார்த்தை எனக்கே எப்படியோ கேட்டது. முப்பத்து மூன்று வருடமாக அதைத் தின்பது என்று நான் நினைத்ததே இல்லை. அது வேலை. சாப்பாடு வேறு, வேலை வேறு. துணிக்கடைக்காரன் துணியைத் தொட்டுப் பார்ப்பதை உடுத்துவது என்றா சொல்வார்கள்? டாக்டர் கேட்டபோதும், மகள் கேட்டபோதும், டீச்சர் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டபோதும் எனக்கு இது ஞாபகத்துக்கே வரவில்லை. வீட்டில் அரைத் தேக்கரண்டிக்குக் கணக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்துவிட்டு, இங்கே வந்து ஒன்றரைத் தேக்கரண்டியை வெறுமனே விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் வாயைப் பொத்தினார், முடியவில்லை. தொப்பி கழன்று விழுந்தது. கொட்டகைக்கு வெளியே போய், உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் என்ன என்ன என்று ஓடிவர, குவியலின் அடியிலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தார். விஷயத்தைக் கேட்டு அந்தப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பால் மட்டும் வந்ததில்லை. நான் பொய்யன் இல்லை. முட்டாள், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

"உங்களத் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

ஏப்ரல் 13, திங்கள்

149 / 91.

முதலாளியிடம் சொன்னேன், இனி நாக்கில் வைக்க மாட்டேன். அவர், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடலாமே என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அதைத்தான் முயன்று பார்த்தேன், பத்தில் நாலு என்னை அறியாமல் உள்ளே போய்விடுகிறது. பழகிய தொண்டை அது என்றேன். சரி, மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம், இரண்டு நாள் தாமதமானால் ஆகட்டும், நீங்கள் நல்லா இருந்தால் போதும் என்றார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு வலித்தது. நாக்கு போனால் நான் யார் என்று சாயங்காலம் வரை யோசித்தேன்.

கை தானாகவே வாய்க்குப் போகிறது. டீச்சர் ஒரு யோசனை சொன்னார். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்ள வேண்டும், அப்போது நாக்கு மரத்து எதையும் பார்க்காது. கொல்லத்து வியாபாரி போனில் கேட்டார். நாக்கு விடுமுறையில் இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்து டீச்சர் வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். டப்பா சும்மா திரும்பி வரவில்லை, உள்ளே முருங்கைக் கீரைப் பொரியல். உப்பு சுத்தமாக இல்லை. ஒரு இலைகூட விடாமல் தின்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

143 / 88.

இறங்குகிறது. பெஞ்சில் எண் வந்ததும் டீச்சர் விசில் ஊதினார். பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். துறைமுகத்துக்காரர் கை தட்டினார்.

ஏப்ரல் 23, வியாழன்

139 / 86. கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது, வாழைப்பழம் இனிக்கிறது, வெறும் சோறே இனிக்கிறது. இத்தனை வருடம் நான் எதையும் ருசித்துச் சாப்பிடவே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

136 / 85.

செவ்வாய்க்கிழமை எட்டு வாரம் முடிகிறது. சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். எல்லாமே அசட்டுத்தனமாக இருந்தது. வேறு சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

காலை, டாக்டரிடம் 134 / 84. மூன்றரைக் கிலோ குறைவு.

உப்புச் சிட்டிகைக் கதையைக் கேட்டு டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இனி உப்பளத்திலிருந்து யார் வந்தாலும் இதை முதலில் கேட்பேன் என்றார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மாதம் ஒரு முறை வர வேண்டும், நடையை விடக் கூடாது, எப்போதாவது ஏறினால் மாத்திரைக்கு மூஞ்சியைத் தூக்கக் கூடாது என்றார். தூக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பூங்காவுக்குப் போனேன். டாக்டர் சொன்ன எண்ணைக் கேட்க டீச்சர் மிஷினோடு காத்திருந்தார். குழு நடப்பது காலையில்தான் என்பதால் மற்றவர்கள் யாரும் இல்லை. 134 என்றதும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"டீச்சர், ஆளுக்கொரு வீட்டுல ஆளுக்கொரு மிசின் எதுக்கு? ஒரு வீடு போதும்னு எனக்குத் தோணுது. நான் நல்லாச் சமைப்பேன். பொய் சொல்ல மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடி முன் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூட இதில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் காத்திருக்கவில்லை, பாதம் தரையில் படிகிறதா என்றும் பார்க்கவில்லை, நேராகப் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினார்.

171 / 98.

எட்டு வாரப் பாடும் போயிற்று என்று நினைத்தேன். டீச்சர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரும் மாத்திச் சொல்ல முடியாது" என்றார்.

என் கையிலிருந்து பட்டையைக் கழற்றினார். சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுத் தன் கையில் தானே கட்டிக்கொண்டார். குழுவில் எல்லோருக்கும் தெரியும், டீச்சருக்கு எந்த நாளில் பார்த்தாலும் 118, சொல்லி வைத்த மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினார். மிஷின் உறுமியது. எண் வந்ததும் மிஷினைச் சட்டென்று கடல் பக்கம் திருப்பப் பார்த்தார். நான் அதற்குள் பார்த்துவிட்டேன்.

149.

திருப்பப் போன கையை அப்படியே நிறுத்தினார். பிறகு மிஷினை என் பக்கமே திருப்பி வைத்தார். நோட்டை எடுத்து இரண்டு எண்ணையும் ஒரே வரியில் எழுதினார். அவர் முகம் சிவந்திருந்தது, நான் எப்படி இருந்தேன் என்று தெரியாது.

"அஞ்சு நிமிசம் சும்மா உக்காருவோம், ரெண்டு பேரும். பெறவு திருப்பி அளப்போம்."

உட்கார்ந்தோம். பேசவில்லை. பாதம் நாலும் தரையில் படிந்திருந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன, பூங்காவில் விளக்குப் போட்டார்கள், முக்கால் மணி நேரம் ஆகியும் மிஷினை யாரும் தொடவில்லை.

ஏப்ரல் 29, புதன்

ஏழு மணிக்குச் செல்வக்கனி போன் செய்து எண் எவ்வளவு என்றாள். யாருடையது என்று கேட்டேன்.